ஆறுமணிக் குருவியைப் பார்க்க எந்த வழி?

ஏழெட்டு வருடம் முன்பு, ஓர் அக்டோபர் காலையில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மூன்றாவது மாடியில், வாஷிங் மெஷின் மேல், வாலை யாரோ நறுக்கிவிட்டது போல ஒரு பறவை உருண்டையாக உட்கார்ந்திருந்தது. "மீன்கொத்தி வீட்டுக்குள்ள வந்துடுச்சு, யாராவது வந்து பிடிங்க" என்று கீழே எழுதியிருந்தார்கள். நீல இறக்கையைப் பார்த்து மீன்கொத்தி என்று நினைத்துவிட்டார்கள். அது ஆறுமணிக் குருவி. அதைத் தேடி அதற்குள் இரண்டு குளிர்காலம் அலைந்திருந்தேன். ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

ஓர் அட்டைப் பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து, குருவியை உள்ளே விட்டு மூடி, சந்தடி இல்லாத அறையில் வைத்தோம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வந்த பாட்டியைத்தான் தடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் காக்கைகள் அடைந்த பிறகு, பின்பக்கப் புதரோரம் பெட்டியைத் திறந்து வைத்தேன். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. அப்புறம் இல்லை.

இதைப் பார்த்த கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. காக்கைக்குப் பயந்து ஜன்னலில் ஒதுங்கிய பறவையைப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவரைப் பார்ப்பது மாதிரி. அது பாட்டுக்குச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் அடுத்தடுத்த வருடங்களில் முயன்றேன். இப்போது என்னிடம் "எங்க சார் போனா பார்க்கலாம்?" என்று கேட்பவர்களுக்காக அந்த வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் யாரும் பெருக்காத மரத்தடி ஒன்று இருந்தால், வேறு எந்த வழிக்கும் காசோ நேரமோ செலவழிக்க வேண்டாம். இல்லையென்றால்தான் மற்றவற்றை யோசிக்க வேண்டும்.

குருவியைப் பற்றிக் கொஞ்சம். இது நமக்குக் குளிர்கால விருந்தாளி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் சில நிமிடம் கூவும், பெயர் அதனால் வந்ததுதான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும், தெற்கே கர்நாடகம் வரை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஜூன், ஜூலை மழையில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் தெற்கே இறங்கும். தமிழ்நாடு, இலங்கை எங்கும் பரவி, ஏப்ரல், மே வாக்கில் திரும்பிப் போய்விடும். மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், தொண்டை வெள்ளை, வயிறு சந்தன நிறம், வாலடி குங்குமச் சிவப்பு. கண்ணின் குறுக்கே பட்டையாகக் கருப்பு. இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர். தமிழில் இன்னொரு பெயர் தோட்டக்கள்ளன். அந்தக் கருப்புப் பட்டையோடு தோட்டத்தில் பதுங்கித் திரிவதைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. உலகம் முழுக்க இந்த இனத்துக்கு வழங்கும் 'பிட்டா' என்ற பெயர் தெலுங்கிலிருந்து போனது. அங்கே பிட்ட என்றால் சும்மா குருவிதான்.

இது அரிய பறவை இல்லை. அழியும் பட்டியலிலும் இல்லை. இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒளிந்துகொள்கிறதே என்பதுதான் வியப்பு. நாள் முழுக்கத் தரையில், மரநிழலில், சருகுக்குள். பச்சை முதுகு நிழலில் கருத்துப்போகும். நம் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் பத்தடியில் இருந்தாலும் ஒரு கல்தான்.

வரைபடத்தைப் பார்த்துப் போவது

இப்போது எல்லோரும் முதலில் செய்வது இதுதான். ஈபேர்ட் தளத்தில் பறவையின் பெயரைக் கொடுத்தால், யார் எங்கே என்றைக்குப் பார்த்தார்கள் என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வரும். கடந்த 30 நாளுக்குள் பார்த்தவை சிவப்பில் இருக்கும். நானும் சிவப்புப் புள்ளிகளைத் துரத்தியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போய் இறங்குவேன். எட்டு மணிக்கு அங்கே காக்கையும் தவிட்டுக்குருவியும்தான் இருக்கும்.

கோளாறு தளத்தில் இல்லை, நான் அதைப் படித்த விதத்தில். வரைபடம் காட்டுவது பறவை பார்க்கிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை. சென்னையில் கிண்டி, ஐஐடி வளாகம், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகம் என்று புள்ளிகள் குவிந்திருக்கும். உங்கள் தெருப் பக்கம் வெறுமையாக இருக்கும். அங்கே குருவி இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. விடிகாலையில் யாரும் போய்க் காது கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, புள்ளிகள் குவியும் இடங்களில் நாம் நினைத்தபோது நுழைய முடியாது. கிண்டி தேசியப் பூங்காவில் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது சிறுவர் பூங்காப் பக்கம். உள்காட்டுக்கு அனுமதி வேண்டும். சிறுவர் பூங்கா திறக்கும் நேரத்துக்குள் குருவி கூவி முடித்து இரை தேடப் போயிருக்கும். வளாகங்களில் அங்கே வேலை பார்ப்பவரோ படிப்பவரோ தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு விஷயத்துக்கு இதை விட்டால் வேறு கருவி இல்லை. ஒன்று, உங்கள் மாவட்டத்தில் எந்த வாரத்தில் குருவி வந்து சேர்கிறது, எந்த வாரத்தில் கிளம்புகிறது என்பதைப் பட்டை வரைபடத்தில் பார்க்கலாம். இரண்டாவது நானாகக் கற்றுக்கொண்டது: குருவியைப் பார்த்தவர் அங்கே பதிந்த பட்டியலைத் திறந்து, அது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பாருங்கள். குருவி இருக்கும் பட்டியல்களில் நான் புரட்டிப் பார்த்தவரை, பெரும்பாலானவை விடிவதற்கு முன்பே தொடங்கியவை. பல பட்டியல்களில் 'கேட்டது மட்டும்' என்று குறிப்பும் இருக்கும். அனுபவசாலிகளே கேட்டதோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கூட்டத்தோடு போவது

மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் பறவை நடை நடத்துகின்றன. பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. புதியவர்கள் ஒரு தடவையாவது போக வேண்டும். நுழைவு அனுமதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒரு வசதி. அதைவிட, குருவி கூவும் அந்த நொடியில் பக்கத்தில் நிற்பவர் தோளைத் தட்டி "இதுதான்" என்று சொல்வாரே, அதற்காகப் போகலாம். பதிவு செய்த ஒலியை நூறு முறை கேட்டாலும் அந்த ஒரு தட்டல் மாதிரி மனதில் பதியாது.

பார்ப்பதற்கு மட்டும் கூட்டம் உதவாது. பதினைந்து பேர், முப்பது கால், எல்லாம் காய்ந்த சருகின் மேல். குருவிக்கு நாம் வருவது நாம் கேட்டைத் தாண்டும்போதே தெரிந்துவிடும். முன்னால் நடக்கிற இரண்டு பேர் பறந்து போகும் ஒரு நிழலைப் பார்ப்பார்கள். பின்னால் வருகிற நாம் "எங்கே, எங்கே" என்போம்.

வெளியூர் போவது

கோடியக்கரை. சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், இரண்டு நாள் விடுப்பு. அங்குள்ள உலர் பசுமைமாறாக் காடு இந்தக் குருவிக்கென்றே செய்தது போல இருக்கும். வலசை போகும் பறவைகள் கடலோரம் வந்து இளைப்பாறும் இடம் அது. பூநாரையும் வெளிமானும் பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், குருவியும் கிடைக்கலாம். குருவிக்காக மட்டும் என்றால் வேண்டாம். கேரளத்தில் தட்டேக்காடு பக்கம் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். படம் எடுப்பவர்களுக்கு மறைவுக்கூடாரம்கூட உண்டு. நல்ல படம்தான் குறி என்றால் அது சரியான செலவு. ஆனால் உங்கள் ஊரில் உங்களோடு ஆறு மாதம் குடியிருக்கிற ஒன்றைப் பார்க்க இன்னொரு மாநிலத்துக்குப் போவதில் எனக்கு ஏதோ இடிக்கிறது.

ஒலியைப் போட்டு அழைப்பது

இது பலிக்கும். அதனால்தான் ஆபத்து. சீனோ-கேன்ட்டோ போன்ற தளங்களில் இதன் கூவல் கிடைக்கிறது. போனில் போட்டு ஸ்பீக்கரைத் திருகினால், இன்னொருவன் தன் இடத்தில் புகுந்துவிட்டான் என்று குருவி புதரை விட்டு வெளியே வரும். அப்போது அது எங்கே நிற்கிறது? வெளிச்சத்தில், வைரியும் காக்கையும் பார்க்கிற இடத்தில். இரை தேட வேண்டிய காலை நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருக்கும். ஒருவர் ஒரு முறை செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பார்கள். எல்லோரும் அந்த ஒருவர்தானே. வீட்டில் உட்கார்ந்து காதைப் பழக்கிக்கொள்ள ஒலியைப் போடுங்கள். காட்டுக்குப் போகும்போது போன் பைக்குள் இருக்கட்டும்.

ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் மாதிரி ஆப்களும் பைக்குள் இருப்பதே நல்லது என்பேன். தூரத்தில் கூவுவது என் காதுக்குத் தெளிவாகக் கேட்கும்போது போன் திரை வெறுமையாக இருந்திருக்கிறது. அந்த அரை இருட்டில் திரை வெளிச்சம் வேறு முகத்தில் அடிக்கும். கண் மறுபடி பழக ஐந்து நிமிடம் ஆகும். குருவி கூவுவதே அவ்வளவு நேரம்தான்.

கேட்டுவிட்டு உட்காருவது

எனக்குக் கடைசியில் பலித்தது இதுதான். அதை ஆரம்பித்து வைத்தவர் பறவைகளைப் பற்றி எதுவும் பேசாத ஒரு வாட்ச்மேன் அண்ணன்.

எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு பழைய வளாகம். பெயர் வேண்டாம். கேட்டருகே நின்று, "அண்ணே, இங்க ஆறுமணிக் குருவி உண்டா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. போனில் படத்தைக் காட்டினேன். "இப்படி ஒரு கலரெல்லாம் இங்க வந்ததில்ல தம்பி" என்றார். கிளம்ப இருந்தவன், சும்மா விசிலடித்துக் காட்டினேன்: முதல் சுரம் ஏறி, இரண்டாவது சட்டென்று இறங்கும். அண்ணன் சிரித்துவிட்டார். "இதுவா? பம்ப் ரூமுக்குப் பின்னாடி தெனம் கத்துமே. நான் டீ போடுற நேரம்."

அன்றிலிருந்து யாரிடம் கேட்டாலும் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டேன். ஆடு மேய்ப்பவர், பூப் பறிக்க வரும் பாட்டி, காலையில் தெருக்கூட்டும் அக்காக்கள், இவர்களெல்லாம் விடியும் நேரத்தில் வெளியே இருப்பவர்கள். குருவியைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் கேட்டிருப்பார்கள். விசிலடித்துக் காட்டினால் பதில் வந்துவிடும். ஐந்து இடத்தில் கேட்டால் ஓரிடமாவது உருப்படியாக மாட்டுகிறது.

பம்ப் ரூம் பின்னால் போய்ப் பார்த்தபோது ஏன் அங்கே என்று புரிந்தது. வளாகத்தின் முன்பக்கம் தினமும் பெருக்கப்பட்டு, குப்பையோடு இலையும் எரிக்கப்பட்டு, மண் வழுக்கையாக இருந்தது. பின்பக்கம் யாரும் வருவதில்லை. இரண்டு தூங்குமூஞ்சி மரம், ஒரு வேம்பு, நுணாவும் களாவும் மண்டிய வேலி, குழாய்க் கசிவால் எப்போதும் ஈரம். கணுக்கால் வரை சருகு. கையால் விலக்கினால் அடியில் கருப்பாக மக்கி, மண்புழுவும் மரவட்டையும் நெளிகின்றன. இதுதான் குருவியின் சாப்பாட்டு மேசை. அதற்குப் பின் ஒவ்வொரு இடத்தையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்: நிழல், ஈரம், பெருக்காத சருகு, ஓடி ஒளியப் பக்கத்திலேயே ஒரு புதர். இந்த நான்கும் இருந்தால் கோயில் நந்தவனமானாலும் கல்லறைத் தோட்டமானாலும் சரி, பாழடைந்த பங்களாவானாலும் சரி. நாலு சென்ட் நிலம்கூடப் போதும்.

இனி காதுக்கு வேலை. கூவும்போது குருவி தாழ்ந்த கிளையில் ஏறி, தலையை நிமிர்த்திக் கூவும். ஒன்று ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் பதில் கொடுக்கும். சில நிமிடத்தில் ஊர் அடங்கிவிடும். மாம்பழச்சிட்டின் நீண்ட விசிலோடு இதைக் குழப்பிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பது. மாம்பழச்சிட்டு மர உச்சியிலிருந்து பகல் முழுக்க விதவிதமாகப் பாடும். நம்மாள் ஒரே மெட்டைத் தாழ்வான இடத்திலிருந்து, காலையும் மாலையும். மேகம் கவிந்து இருட்டிய நாளில் மட்டும் பகலிலும் கூவுவதுண்டு. ஐப்பசி அடைமழைக்கு இடையில் கிடைக்கும் மூட்டமான காலையை நான் விடுவதே இல்லை.

திசை சட்டென்று பிடிபடாது. இரண்டு பேராகப் போனால் ஒரு தந்திரம் உண்டு. முப்பது நாற்பது அடி தள்ளித் தள்ளி நில்லுங்கள். கூவியதும் இருவரும் பேசாமல் கையை நீட்டுங்கள். இரண்டு கையும் நீளும் கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மரம். தனி ஆள் என்றால் ஒரு நாள் ஒரு மூலையிலும் அடுத்த நாள் எதிர் மூலையிலும் நின்று இதையே செய்யலாம். வந்து தங்கிய குருவி குளிர்காலம் முழுக்க அந்தச் சின்ன இடத்தை விடாது. நாளைக்கும் அதே மரத்தில்தான் கூவும் என்று நம்பிப் போகலாம்.

மூன்றாம் நாள் அங்கே போய் உட்கார வேண்டும். நடக்கக் கூடாது. இதைத்தான் நான் இரண்டு வருடம் தப்பாகச் செய்தேன். பறவை பார்ப்பது என்றால் நடப்பது என்று நினைத்திருந்தேன். மரத்தில் முதுகைச் சாய்த்து, சூரியன் எழும் திசை நமக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்து, சருகுத் திட்டைப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடம். முழுக்கைச் சட்டை கட்டாயம். கொசுவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொசுவை அடிக்கக் கையைத் தூக்கினால் நாற்பது நிமிடம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

சருகுச் சத்தங்களைப் பிரித்தறியப் பழகினால் பாதி வேலை முடிந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து சந்தைக்கடை மாதிரி கிளறும். அரணை ஓடினால் சர்ர்ரென்று ஒரே இழுப்பு. செம்போத்து நடந்தால் ஆள் நடக்கிற மாதிரியே கேட்டுத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆறுமணிக் குருவியின் சத்தம் ஒரு இலை புரளும் சத்தம். பிறகு அமைதி. இரண்டு தத்தல். மறுபடி ஒரு இலை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்தாவது நாள் அப்படித்தான் வந்தது. எனக்கு முன்னால் பதினைந்து அடியில் ஒரு தூங்குமூஞ்சி இலைக்கொத்து தானாகப் புரண்டது. கண் அங்கேயே இருக்க, பைனாகுலரை அங்குலம் அங்குலமாக உயர்த்தினேன். பழுப்பாக ஏதோ உருண்டை. அது திரும்பியது. கருப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை. அலகில் ஒரு புழு பாதி நீளத்துக்கு மண்ணுக்குள் மாட்டியிருக்க, குருவி காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது. புழு அறுந்து வந்ததும் நிலைதடுமாறி ஒரு எட்டுப் பின்வாங்கியது. மொட்டை வாலை மேலும் கீழும் மெதுவாக இரண்டு முறை ஆட்டியது, ஒன்றும் நடக்காத மாதிரி. அப்போதுதான் வாலடிச் சிவப்பு தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னால் அண்ணன் டீ கிளாஸைக் கழுவும் சத்தம் கேட்டபோது அது வேலிக்குள் போய்விட்டது.

காலையா, மாலையா

காலை. பெயரில் இருக்கும் ஆறு மணி இரண்டு வேளைக்கும் பொது என்றாலும், காலையில் கூவி முடித்ததும் வெளிச்சம் ஏறும். குருவி தரைக்கு இறங்கும். நமக்குப் பார்க்க ஒரு மணி நேரம் இருக்கிறது. மாலையில் கூவியதும் இருட்டு. எத்தனை நிறம் இருந்தாலும் ஆறேகால் மங்கலில் எல்லாம் சாம்பல்தான். வேலை முடிந்து மாலையில்தான் முடியும் என்றால், மாலையில் போய்க் கேட்டு இடத்தைக் குறித்துவைத்து, ஞாயிறு காலை உட்காருங்கள்.

ஆறு மணியை அப்படியே நம்பவும் வேண்டாம். குருவிக்கு வெளிச்சம்தான் கணக்கு. சென்னையில் அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் எழுவது ஏறக்குறைய ஆறு மணிக்கு. ஜனவரி நடுவில் ஆறரைக்கும் மேல் ஆகிவிடும். நவம்பர் மாலையில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். காலையில் சூரியன் எழ அரைமணி நேரம் இருக்கும்போதே இடத்தில் இருங்கள்.

பைனாகுலர் விஷயத்திலும் வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. பெரிய எண் இருந்தால் நல்லது என்று நினைத்து 10×25 என்று ஒரு சின்னதை வாங்கி ஏமாந்தேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள்: 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5. கண்ணுக்குள் வரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர்தான். 8×42-இல் அது 5.25. புதருக்குள் விடிகாலையில் இரண்டுக்கும் இரவு பகல் வித்தியாசம். கேமரா மட்டும் வைத்திருப்பவர்கள் முதல் நாள் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது. ஷட்டர் சத்தத்துக்கே அது போய்விடும்.

வீட்டுக்கே வரவழைப்பது

இதை வழி என்று சொல்வதா, பிரார்த்தனை என்று சொல்வதா தெரியவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் அக்கா வீட்டில் பின்னால் இரண்டு மாமரம். இலையைப் பெருக்காதே, மரத்தடியிலேயே விடு, மண்தட்டில் தினம் தண்ணீர் மாற்றி வை என்று சொல்லிவைத்தேன். "பாம்பு வரும்டா" என்றாள். மாமியார் வேறு முறைத்தார். கடைசியில் கிணற்றடிப் பக்கம் மட்டும் விட்டுவைத்தார்கள். நான் பம்ப் ரூம் பின்னால் கொசுக்கடி வாங்கிய அதே குளிர்காலத்தில் அக்கா போன் செய்தாள்: "உன் குருவி கெணத்தடியில குளிச்சிட்டிருக்குடா, கலர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாயந்திரமும் வந்துச்சு." அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடம் வந்ததாம்.

தரையில் மண் இருக்கிற வீடு என்றால் செய்து பாருங்கள். செலவில்லை. பூனை வளர்ப்பவர்கள் மட்டும் செய்ய வேண்டாம். அடுக்குமாடியில் நான்காவது தளத்தில் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. சங்கக் கூட்டத்தில் "ஒரு மூலையை மட்டும் பெருக்காமல் விடலாமா" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பொருளாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பார்த்த பிறகு: சொல்வதா, வேண்டாமா

இதில் நான் தப்பான வழியைத் தேர்ந்தெடுத்தேன். பம்ப் ரூம் குருவியை இரண்டாவது வருடம் ஒருவழியாகப் படம் எடுத்தேன். சந்தோஷத்தில், இடத்தின் பெயர், எந்தக் கேட், எந்த மரம் என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த ஞாயிறு பதினோரு பேர், நீள நீளமான லென்ஸோடு. யாரோ ஒலி போட்டிருக்கிறார்கள். யாரோ படத்துக்கு மறைக்கிறது என்று களாச்செடியின் கிளையை ஒடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மேனேஜர் வந்து, வெளி ஆட்களை யார் விட்டது என்று வாட்ச்மேன் அண்ணனைத்தான் கேட்டிருக்கிறார்.

ஈபேர்டில் பதிவதை நிறுத்தவில்லை. குருவி வந்த வாரம், போன வாரம் எல்லாம் எல்லோருக்கும் பயன்படுகிற கணக்கு. ஒரு மாதம் தள்ளிப் பதிகிறேன், இடத்தைப் பேட்டை அளவில் வைக்கிறேன். குழுவில் யாராவது கேட்டால் விசிலடிக்கக் கற்றுத் தருகிறேன், அவர்கள் தெருவில் போய்த் தேடட்டும்.

அண்ணன் வேலையில்தான் இருக்கிறார், ஆனால் முன்போல உள்ளே விட அவருக்கு உத்தரவில்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை. இப்போது அக்டோபரில் மதில் ஓரமாக, வெளிப்பக்கம், பம்ப் ரூமுக்கு நேராக ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நிற்கிறேன். போன வருடம் 9-ஆம் தேதி முதல் முறையாகக் கேட்டது. மதிலுக்கு உள்ளிருந்து அண்ணனின் குரலும் கேட்டது: "தம்பி, வந்துட்டான்."